நல்ல கால்

ஜூலை 6

என் சரவெடிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்தேன். கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில், வாய் நிறைய நுரையோடு, வாஷ்பேசினை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒரு கொக்கு. பின்னால் காத்திருந்த என் அறைத்தோழி, "அக்கா, கொக்குக்கு மீன் மாட்டுற வரைக்கும் என்னால நிக்க முடியாது, நகருங்க" என்றாள். அவள் நீச்சல்காரி. தோள்பட்டை கழன்றதால் போட்டிகளை விட்டுவிட்டு இந்த விளையாட்டு மறுவாழ்வுப் படிப்புக்கு வந்தவள். போன வருஷம் முதல் நாள் என்னை விடுதிக் காப்பாளர் என்று நினைத்து, மின்விசிறி ஓடவில்லை என்று புகார் கொடுத்தாளே, அவள்தான்.

ஒற்றைக் கால் விஷயம் வீட்டுப்பாடம். நோயாளியைச் செய்யச் சொல்லும் எதையும் முதலில் நாமே ஒரு வாரம் செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியையின் சட்டம். என்னைவிட வயதில் சின்னவள், ஆனால் முன்னால் நின்றால் தானாகவே முதுகு நிமிர்ந்துவிடுகிறது. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தும், பிள்ளைகள் விழுந்தால் ஐஸ் கட்டியையும் தைரியத்தையும் தவிர வேறெதுவும் கொடுக்கத் தெரியாமல் இருந்தேன் என்பது இங்கே வந்த பிறகுதான் உறைக்கிறது.

நுரையைத் துப்பும்போது நம் மைதானம் ஞாபகம் வந்தது. பனி காயாத புல். டிப்போவுக்கு வேலைக்குப் போகும் முன், டைம்கீப்பர் சட்டையோடு அப்பா ஓட்டக் கோட்டருகே நிற்பார். பஸ்ஸுக்குச் சொல்வது போலவே நமக்கும் சொல்வார்: "லேட்."

அவருடைய கால் எப்படி இருக்கிறது? தொடையில் தகடு வைத்த டாக்டர் அனுமதித்த பயிற்சிகளை மட்டும் படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவ்வப்போது இஞ்ச் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து எழுது. நல்ல காலை அளவாக வைத்துக்கொள். அடிபட்ட கால் அதை எட்டிப் பிடித்துவிட்டால் அப்பா தேறிவிட்டார் என்று அர்த்தம்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் அப்பாவுக்குக் காது மந்தமானதிலிருந்து நம் வீட்டு போன் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. நான் உன்னைக் கேட்டால் பக்கத்து வீட்டுத் தபால்காரர் பதில் சொல்கிறார். எழுதினால்தான் நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ள முடிகிறது.

இங்கே என் இரண்டு கால்களும் தனித்தனியாக நலம். உங்கள் நான்கு கால்களின் நலம் எழுது.

அக்கா

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு கால்களும் நலம். ஐந்தாவதாக ஒரு ஊன்றுகோலும் நலம்.

உன் படங்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். எல்லாப் படத்திலும் அப்பாவுக்கு முடி போட்டிருக்கிறாய். அதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "மூத்தவளுக்குத்தான் என்னைச் சரியா ஞாபகம் இருக்கு" என்று தபால்காரரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படுக்கையிலிருந்து கதவு வரை நடந்து, தனக்குத் தானே "லேட்" சொல்லிக்கொள்கிறார்.

போன வாரம் குளியலறை வாசலில் தடுமாறினார். பயப்படாதே. நான் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருந்துக்கடை எப்போதும் போலத்தான். முதலாளி கவுன்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு இருமல் மருந்து கொடுக்கிறேன். மாடியறையை விட்டு நானும் கீழே வந்துவிட்டேன். ராத்திரி அப்பா கூப்பிட்டால் கேட்கும், ஜன்னல் காற்றும் நன்றாக வருகிறது.

நீ எழுதியதும் நானும் மைதானத்தை நினைத்துக்கொண்டேன். நீ முதல் ஓட்டம், நான் இரண்டாவது. அப்பா உடைந்த குடைக்கம்பை அறுத்துச் செய்து கொடுத்த ரிலே கட்டை இன்னும் இருக்கிறது தெரியுமா? கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்திருக்கிறேன். சிவப்பு நாடா வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது.

ஒழுங்காகச் சாப்பிடு. கொக்குக்கும் மீன் வேண்டும்.

உன் தங்கை

ஆகஸ்ட் 14

சரவெடி,

கட்டையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தவளே, உன்னை என்ன செய்வது. நலமாக இரு, அது போதும்.

இந்த வாரம் எனக்கு முதல் நோயாளி. கூடைப்பந்து ஆடுகிறவன், கணுக்கால் சுளுக்கு, கதவில் தலை இடிக்கும் உயரம். நான் உள்ளே போனதும், "அம்மா, டாக்டர் எப்ப வருவாங்க?" என்றான். நான்தான் என்றேன். "நீங்க விளையாடியிருக்கீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டான். "ரிலே. முதல் ஓட்டம்" என்றேன். பிறகு காலைத் தந்தான்.

அவனுக்குப் பயிற்சி சொல்லும்போது வாயில் வந்ததெல்லாம் நம் பழைய மைதானப் பேச்சுதான். உனக்கு ஏன் சரவெடி என்று பெயர் வந்தது என்று அவனிடம் கதை சொன்னேன். தரையில் உனக்குப் போட்ட கோட்டை நான் தொடும் வரை நீ நிற்க மாட்டாய். திரி கிள்ளிய மாதிரி கிளம்பிவிடுவாய். நான் பின்னாலிருந்து "கை" என்று கத்துவேன். அந்த ஒரு சொல்லுக்கு நீ திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவாய். கட்டை உன் உள்ளங்கையில் போய் உட்காரும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் உன் பின்னல்தான் தெரியும், அதுவும் கொஞ்ச நேரம்தான். நான் ஓடியதைவிட, ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு உன்னைப் பார்த்து நின்றதுதான் எனக்கு அதிகம் ஞாபகமிருக்கிறது.

அடுத்த கட்டமாக அப்பா கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். முதலில் நீ செய்து காட்டு. நீ செய்தால்தான் அவர் செய்வார், போட்டிக்காரர். எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாக எழுது.

இங்கே மழை, ஈரத்துணி, பரீட்சை. மூன்றையும் சமாளிக்கும் அளவுக்கு உடம்பு இருக்கிறது.

அக்கா

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் ஸ்டாக் எடுக்கும் வேலை. கோபித்துக்கொள்ளாதே.

நல்ல செய்தி. நேற்று அப்பாவின் தொடைகளை அளந்தேன். இரண்டும் சமம். நூல் பிசகவில்லை. அவரே டேப்பைப் பிடுங்கி மறுபடி அளந்து பார்த்து, "ரைட் டைம்" என்றார். டிப்போவில் பஸ் சரியான நேரத்துக்கு வந்தால் மட்டும் சொல்வாரே, அந்தக் குரலில். இப்போது தபால்காரரோடு தெருமுனை வரை போய் வருகிறார். நான் கூடப் போவதில்லை. வீட்டில் வேலை சரியாக இருக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம். உன் படிப்பைப் பார்.

உன் தங்கை

அக்டோபர் 17

சரவெடி,

உன் கடிதத்தை வகுப்பிலேயே பிரித்தேன். நீச்சல்காரி பிடுங்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். "அக்கா, தபால்லயே ஒருத்தரைத் தேத்திட்டீங்க. எங்களுக்கெல்லாம் வேலை போச்சு" என்றாள். சாயங்காலம் எல்லாருக்கும் என் செலவில் டீ. கூடைப்பந்துக்காரன்கூட நொண்டாமல் வந்து குடித்துவிட்டுப் போனான்.

எனக்கு இருக்கும் சந்தோஷத்தை எப்படி எழுதுவது? போன வருஷம் நான் கிளம்பியபோது, இத்தனை வயதுக்கு மேல் இது தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. நீ மட்டும் என் பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்து பூட்டைப் போட்டாய். அந்த இரண்டு தொடைகளும் சமம் என்று படித்ததும், பெட்டி மேல் உட்கார்ந்திருந்த உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கால் வீசி நடக்கச் சொல், அவசரம் வேண்டாம். அவருடைய ஜெயித்த முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. உன் கடிதம்தான் சின்னதாக இருந்தது. ஸ்டாக் முடிந்ததா?

சந்தோஷத்தில் சளிகூடப் பிடிக்காத

அக்கா

நவம்பர் 12

என் மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது. ஆசிகள். உடல்நிலை சீராக இயங்குகிறது.

உன் தங்கை எழுதவில்லை என்று போனில் குறைப்பட்டாய். ஆகவே நானே எழுதுகிறேன். தபால்காரர் உறை வாங்கித் தந்தார். ஓய்வு பெற்ற பிறகும் உறையை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்.

நான் கையை ஊன்றாமல் எழுகிறேன். ஒற்றைக் காலில் நிற்கிறேன். இதையெல்லாம் சாதனை என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் எனக்குப் போட்டிக்கு ஆளே இல்லை. நீ அவளைச் செய்து காட்டச் சொன்னாய் என்று உன் தங்கையிடமும் கேட்டுப் பார்த்தேன். "நீ ஒரு கால்ல நில்லு பாக்கலாம்" என்றால், "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று போய்விடுகிறாள். போய்ப் பார்த்தேன். அடுப்பில் பால் இல்லை. கையை ஊன்றாதே என்று எனக்கு உத்தரவு போடுகிறவள், தான் எழும்போது இரண்டு கையையும் மேசைமேல் வைத்துத்தான் எழுகிறாள். கேட்டால், "நான் என்ன பேஷன்ட்டா?" என்கிறாள். நடையும் முன்போல் இல்லை. கடைக்கு லேட்டாகப் போகிறாள். என்னிடம் மூன்று முறை "லேட்" வாங்கியும் சிரிக்கவில்லை.

வயதாகிறது அவளுக்கும். உங்கள் இரண்டு பேரையும் துரத்திப் பிடிக்கிற வேகத்தில் ஒரு மாப்பிள்ளையும் ஓடி வரவில்லை என்று தபால்காரரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் தங்கை நின்ற இடத்திலேயே நின்றாலும் இனி எவனும் வரப்போவதில்லை.

நேரத்துக்குத் தூங்கு. நேரத்துக்கு எழு.

அப்பா

நவம்பர் 19

சரவெடி,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று வகுப்பில் ஒரு கால்பந்து வீரனைக் கொண்டுவந்தார்கள். முட்டியில் அறுவை முடிந்து வெகு காலமாகிறது. இரண்டு காலும் சம பலம் என்று சோதனையில் வந்து, விளையாட அனுப்பியிருக்கிறார்கள். முதல் ஆட்டத்திலேயே திரும்ப விழுந்துவிட்டான். ஏன் என்று பேராசிரியை கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் அவனுடைய நல்ல காலைத் தொட்டுக் காட்டினாள். "எல்லாரும் அடிபட்ட காலையே பாத்தீங்க. இத்தனை நாள் இது என்ன ஆச்சுன்னு யாராவது பாத்தீங்களா? இதுவும் இளைச்சுப் போச்சு. ரெண்டும் சமம்னா ரெண்டும் நல்லா இருக்குன்னு யார் சொன்னா?"

முதலில் அப்பாவின் டேப்தான் ஞாபகம் வந்தது. நல்ல காலை அளவாக வைத்துக்கொள் என்று நான்தான் எழுதினேன். படுத்தே கிடந்ததில் அதுவும் மெலிந்துதான் சமமாகியிருக்கும். அவரை மறுபடி அளக்க வேண்டாம். இரண்டு காலுக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்கிறேன், அவர் அதற்கும் ஸ்டாப்வாட்ச் போடுவார்.

அதற்குப் பிறகு அறைக்கு வந்து உன் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். குளியலறை வாசலில் பிடித்துவிட்டேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். உனக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. ஸ்டூல் வந்தது. மாடியறை போனது. தெருமுனை வரைகூட நீ நடக்கவில்லை. எல்லாக் கடிதத்திலும் நான் அடிபட்ட காலை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எந்த முட்டி?

அக்கா

டிசம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இடது.

இதற்கு மேல் எழுதக் கூடாது என்று ஒரு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. நீ ஸ்பீக்கரில் "உன் தங்கைகிட்ட குடுங்க" என்று கேட்கும்போதெல்லாம் நான்தான் குளிக்கப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னேன். அப்பா நேற்று, "இவ்வளவு குளிச்சா சளி பிடிக்கும்" என்றார்.

அப்பா சரிந்தபோது அவருடைய பாரம் முழுவதும் என் மேல் வந்தது. பாதம் நகரவில்லை, முட்டி மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ சொடுக்கியது. உனக்குத் தெரியும் அந்தச் சத்தம், படித்திருப்பாய். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். தைக்க வேண்டுமாம். அப்புறம் சில மாதம் பாரம் தூக்காமல், அதிகம் நிற்காமல் இருக்க வேண்டுமாம். மருந்துக்கடைக்காரியிடம் நிற்காதே என்கிறார், வீட்டில் அப்பாவை வைத்துக்கொண்டிருப்பவளிடம் தூக்காதே என்கிறார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஏப்ரலில் உன் கடைசிப் பரீட்சை. அது முடியட்டும் என்று நினைத்தேன். வலிக்கு மாத்திரை இருக்கிறது. எனக்கு மாத்திரைக்கா பஞ்சம்?

உன் கடிதம் வந்த அன்று கதவு மூலையில் கிடந்த கட்டையை எடுத்துத் துடைத்தேன். ஓடி முடித்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதாக நீ எழுதியிருந்தாயே, எனக்கும் அது உண்டு. மூன்றாவது ஓட்டக்காரியிடம் கட்டையைக் கொடுத்த பிறகு நானும் நிற்பேன். அப்பா சொல்லித் தந்தது: "குடுத்துட்டு உன் தடத்துலயே நில்லு. மத்தவங்க எல்லாரும் தாண்டிப் போறவரைக்கும் குறுக்கே போகாதே." அதைத்தான் இப்போதும் செய்துகொண்டிருக்கிறேன். நீ ஓடு. நான் குறுக்கே வர மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பாதியில் படிப்பை விட்டுவிட்டு பெட்டியோடு வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன். சும்மா சொல்லவில்லை. உன் பெட்டியை மூடுவதற்கு நான் எவ்வளவு அழுத்தி உட்கார்ந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அப்பா சுகம். நான் இப்படி இருக்கிறேன். நீ நன்றாக இரு.

உன் தங்கை

ஜனவரி 4

சரவெடி,

கதவைத் திறக்க மாட்டாய் என்றதால், நேற்று காலை வேறொரு கதவைத் தட்டினேன்.

எங்கள் மருத்துவமனைக்குப் பின் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. தரைத்தளம், வாசலில் ஒரு படிகூட இல்லை. இரண்டு அறை. வீட்டுக்காரம்மா சுவருக்கு அடித்த பெயின்ட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தேன். கழிப்பறையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து பார்த்தேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். அந்தம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "நீங்க வீடு பாக்க வந்தீங்களா, எக்சர்சைஸ் பண்ண வந்தீங்களா?" என்றார்.

உன் கடிதத்தைப் படித்து முதல் இரண்டு நாள் பெட்டியைத்தான் எடுத்து வைத்தேன். வந்துவிடலாம், படிப்பு அடுத்த வருஷம் என்றாலும் ஓடிப்போய்விடாது என்று நினைத்தேன். மூடப் பார்த்தால் பெட்டி மூடவில்லை. மேலே உட்கார நீ இல்லை. நீச்சல்காரி பார்த்துவிட்டு என் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

நீ தடத்தில் நிற்பதைப் பற்றி நிறைய யோசித்தேன். அப்பா சொன்னது சரிதான். ஆனால் அதன் பின்பாதியை நீ மறந்துவிட்டாய். எல்லாரும் தாண்டிப் போன பிறகு அவர் விசில் ஊதுவார். "போதும், வெளிய வா" என்பார். நிழலில் தண்ணீர்ப் பானை இருக்கும். நீ எப்போதும் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் முகத்தில்தான் அடித்துக்கொள்வாய். எல்லாரும் தாண்டிப் போய் எத்தனையோ காலமாகிறது. நீ இன்னும் தடத்திலேயே நிற்கிறாய். விசில் ஊத வேண்டியவருக்குக் காது மந்தம்.

இன்னொன்றும் யோசித்தேன். நான் முதல் ஓட்டக்காரி. எனக்குக் கொடுத்துத்தான் பழக்கம். வாங்கும் இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் வருகிறவளுக்காகக் காத்து நின்றதே இல்லை. உனக்கு இருந்த தவிப்பு எனக்குத் தெரியாது. நீ ஏன் முந்திக்கொண்டு கிளம்புவாய் என்பது இப்போதுதான் புரிகிறது. சும்மா நிற்க முடியவில்லை.

அப்பாவைக் கட்டை என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். அதனால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டாதே.

முன்னறை அவருக்கு. வகுப்பு முடிந்தால் நடந்து வர ஐந்து நிமிஷம், அவர் வாசலில் ஸ்டாப்வாட்சோடு நின்று எனக்கு "லேட்" சொல்லட்டும். தபால்காரரைப் பிரிவதுதான் கஷ்டம். அவருக்கும் உறைகளை முகர்ந்து கடிதம் போட ஒரு காரணம் வேண்டுமே. பின்னறை உனக்கு. இங்கே முட்டி தைக்கிற டாக்டர், ஓட்டக்காரிகளின் முட்டியை மட்டுமே பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர். நீயும் ஓட்டக்காரிதான் என்று சொல்கிறேன். முதலாளியிடம் லீவு கேள். காலில் பாரம் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, நீ எங்கே போக வேண்டுமோ போ. பழைய வீட்டுக்கே போனாலும் சரி, அப்பா என்னோடு இருப்பார். எங்கே போகலாம் என்று யோசித்துக்கூட நாளாகியிருக்கும் உனக்கு. அதையும் மெதுவாகப் பழகு. முதலில் கொஞ்சம் வலிக்கும்.

வீட்டுக்காரம்மாவிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். நீச்சல்காரிக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. உறையை இன்னும் ஒட்டவில்லை, ஆகவே உனக்கும் தெரியாது. இந்த நிமிஷம் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வீட்டை எடுத்துக்கொள்கிறேன்.

நீ இன்னும் "கை" என்று குரல் கொடுக்கவில்லை. ஆனாலும் நான் கிளம்பிவிட்டேன், கை பின்னால் நீட்டியிருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அக்கா